நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு

போனில் அவன் சொன்னது அளவு என்றுதான் நினைத்தேன்.
பத்தொன்பது வருடம் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டவளுக்கு
எண் என்றால் வேறென்ன தோன்றும்?
நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு.
மார்பா, இடுப்பா?
ஜெய்ஹிந்துபுரத்தில் எங்கள் தெருவில் அத்தனை பெரிய உடம்பு
மாவு மில் ரத்தினத்தம்மாளுக்கு மட்டும்தான்.
அவளுக்கும் நான்தான் தைக்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, அது செஷன்.
ஆறு ஓவரில் எத்தனை ரன் வரும் என்பது.
வரும் என்பவன் நாற்பத்தெட்டில் எஸ்,
வராது என்பவன் நாற்பத்தாறில் நோ.
நாற்பத்தேழு வந்துவிட்டால்
ரெண்டு பேருக்கும் போச்சு,
நடுவில் இருக்கிறவனுக்குச் சோறு.
நாங்களும் ஓரத்தில் அரை இஞ்ச் மிச்சம் விடுவோம்,
உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளட்டும் என்று.
இங்கே மிச்சம் அவன் மடிக்குப் போகிறது.

நடுவில் இருக்கிறவன் பெயர்
ஒச்சப்பனின் போனில் 'கேஸ் ஏஜென்சி'.
போன மாதம் பதினேழு தடவை பேசியிருக்கிறான், எல்லாம் ராத்திரியில்.
எங்கள் சிலிண்டர் நாற்பது நாள் வரும்.

ரூபாய் என்று யாரும் சொல்வதில்லை. பாயிண்ட்.
'ஐநூறு பாயிண்ட் போச்சு' என்றால்
யாருக்கும் வயிறு எரியாது.
லட்சத்துக்குப் பெட்டி.
அந்தச் சொல்லை ஒரு தடவைதான் கேட்டேன்,
'பாதிப் பெட்டி நிக்குதுடா' என்று
கழிப்பறைக்குள்ளிருந்து.
தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசியும் கேட்டது.

ஃபேவரிட் என்றால் பிடித்தமானது இல்லை,
ஜெயிக்கும் என்று ஊரே நம்புவது.
அதில் கட்டினால் லாபம் கொஞ்சம்.
ஆகவே என் வீட்டுக்காரன் ஊர் நம்பாத பக்கமே கட்டுவான்.
கட்டுவது. வைப்பது. போடுவது.
தாலிக்கும் அடகுக்கும் சோற்றுக்கும் உள்ள அதே வினைச்சொற்கள்.

கவர் என்பது
தோற்பது போல் தெரிந்தால் எதிர்ப்பக்கமும் கொஞ்சம் போட்டுவைப்பது.
இதைப் படித்த அன்று சிரிப்பு வந்தது.
பாபின் டப்பாவுக்கு அடியில்
அவனுக்குத் தெரியாமல் நான் மடித்துவைப்பதற்குப்
பெயர் இல்லாமலே இருந்தது இத்தனை நாள்.

திங்கட்கிழமை கணக்கு முடிக்கும் நாள்.
திங்கட்கிழமைகளில் அவனுக்குத் தலைவலி.
பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் ஓடுகிற ஷேர் ஆட்டோ
பதினோரு நாளாக 'சர்வீஸில்' நிற்கிறது.
சர்வீஸ் என்பது எந்தச் சேட்டின் கொட்டகை
என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் சுத்தத் தமிழ்:
விட்டதைப் பிடிக்கிறது.
விட்ட தையலைப் பிடிக்கலாம்;
மிஷினை நிறுத்தி, நூலைப் பிரித்து,
பழைய ஓட்டையிலேயே ஊசி இறங்க வேண்டும்.
இவன் மிஷினை நிறுத்தாமலே பிடிக்கிறான்.

நேற்று சித்திரைத் திருவிழாத் துணி குவிந்து கிடந்தது.
பதினொன்றே காலுக்கு அவன் போன் அதிர்ந்தது.
அவன் வாய் திறந்து தூங்கினான்.
'இனி இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க' என்று
மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன்.
எடுத்தேன்.

"அண்ணே, எழுபது எழுபத்திரண்டு. சீக்கிரம் சொல்லுங்க."

சின்னப் பையன் குரல். பின்னால் யாரோ பரோட்டா கொத்தும் சத்தம்.
எனக்கு எல்லாம் புரிந்தது.
யார் ஃபேவரிட் என்பது. எத்தனை ஓவர் மிச்சம் என்பது.
பனி இறங்கிவிட்டது, பந்து கையில் நிற்காது,
அந்த ரேட் தப்பு என்பதுகூட.

"அண்ணே? மாறப்போகுது."

கை டப்பாமேல் இருந்தது.
திறக்காமலே தெரியும்,
நாலாயிரத்து முந்நூறு
பாயிண்ட்.