ஒப்புகைச் சீட்டு

ஒரு செருப்பு சாக்கடையில் போனதுதான் ஆரம்பம்.
பெரிய காரணம் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்.
பேரணாம்பட்டு ரோட்டு முனையில்
ஒரு நிமிஷம்தான் நிற்கும்.
இருட்டில் ஓடினேன்.
மூடியில்லாத இடத்தில் இறங்கிய கால்
தனியாக மேலே வந்தது.

அன்றைக்கெல்லாம் வெறுங்காலால் மிஷின் மிதித்து
இருநூற்றுப் பதினாறு ஜோடி மேல்தோல் தைத்தேன்,
கப்பலேறப் போகிற ஷூக்களுக்கு.
சிரிப்பு திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தது.
குடியாத்தம் வருவதற்குள் அது
வேறொன்றாக மாறியிருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் பத்து மார்க்குக்காக
அனுப்புநர், பெறுநர், பொருள் எழுதியிருக்கிறேன்:
அஆஇ என்ற ஊருக்கு நூலகம் வேண்டி.
இல்லாத ஊர். கேட்டதும் கிடைத்தது எட்டரை மார்க்.
அதே மாதிரி எழுதினேன்.
இந்த முறை ஊரும் இருந்தது, பள்ளமும் இருந்தது.

திங்கட்கிழமை, ஒரு நாள் சம்பளம் போக,
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்.
வாசலில் பையைத் துழாவினார்கள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று.
சாப்பாட்டு டப்பாவைத் திறந்து
ஒரு பெண் போலீஸ் முகர்ந்து பார்த்தார்.
புளிசாதம்.
"எந்தச் சங்கம்? எந்தக் கட்சி?"
"தெரு சார்."
அவர் கம்ப்யூட்டரில் தெருவுக்குக் கட்டம் இல்லை.
தனிநபர் என்று அடித்து,
எச்சில் தொட்டு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து போனில் வந்தது:
தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது.
பள்ளத்தின் ஓரம் நின்று இரண்டு தரம் படித்தேன்.
கொசுக்கள் என்னைப் படித்துக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் வீடு வீடாக.
நஸ்ரீன் அக்கா பீடி முறத்தை மடியிலிருந்து இறக்காமலே
கையெழுத்துப் போட்டாள்,
அவள் பெயர்மேல் இன்னும் புகையிலைத் தூள்.
ஏகாம்பரம் மேஸ்திரி "வம்பு எதுக்கும்மா" என்று
கதவைப் பாதி சாத்தினார், முழுசாக இல்லை.
அம்மா அடுப்படியிலிருந்து:
"பொண்ணு பாக்க வர்றவங்க கிட்ட
மனு போடறவன்னு சொல்லவா?"
சொல்லு, என்றேன்.
மொத்தம் நாற்பத்து மூன்று.

கார்த்திகையில் அணை நிரம்பி
கவுண்டன்யா ஆறு தெருவுக்குள் வந்தது.
வருஷமெல்லாம் கிரிக்கெட் ஆடுகிற மணல்
ஒரே ராத்திரியில் ஆறாகிவிட்டது.
பள்ளிக்கூட வராந்தாவில் தாலுகா ஆபீஸ்காரர் கேட்டார்,
"யார் யார் வரலை, லிஸ்ட் இருக்கா?"

இருந்தது.
கதவு எண்ணோடு, கையெழுத்தோடு,
ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில்.
ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டே போனேன்:
பதினேழு, எட்டு நாள் குழந்தை.
இருபத்திரண்டு, வியாழன் தோறும் டயாலிசிஸ்.
முப்பது, ஆடு வந்தால்தான் ஆள் வரும்.
இடுப்பளவு தண்ணீரில் அந்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு
முன்னால் நடந்தவர் மேஸ்திரி.
அவர் பெயர் என் தாளில் இல்லை.
விடியற்காலை, பிரெட் பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தபோது
ஈரக் கையோடு வந்து நின்றார்:
"எங்கே போடணும்?"

பொங்கல் முடிந்து ஸ்லாப் வந்தது.
போட்டோ எடுத்தார்கள், போனார்கள்.
தெருவே ஏறி நின்று பார்த்தது, ஆடவில்லை.

டேப் வைத்து அளந்தேன்.
ஒரு பக்கம் நாலு அங்குலம் குறைகிறது.
என் செருப்பு நுழையாது.
பதினேழாம் நம்பர் வீட்டில்
இப்போது தவழ்கிறாள்,
இன்னும் ஆறேழு மாதத்தில் நடப்பாள்.
அவள் கால் நுழையும்.

அனுப்புநர்:
கோ. மோனிஷா,
மற்றும் நாற்பத்து நான்கு பேர்.