மஞ்சக் கடுதாசி

பெல்மோர் என்று மூக்கில் பித்தளை எழுத்து.
கொழும்பிலிருந்து கப்பலேறி வந்த வண்டி
கோட்டையூர் முக்கில் நின்றுவிட்டது,
தண்ணீர்ப் பம்பு உடைந்து.

அமெரிக்காவுக்கு எழுதச் சொன்னார் வெள்ளையஞ் செட்டியார்.
டைப் அடித்தேன்: பம்பு ஒன்று, விலை தெரிவிக்கவும்.

நாலு மாதம் கழித்து
என் கடிதமே திரும்பி வந்தது,
ஊதா முத்திரையோடு.
கூடவே ஒரு வக்கீலின் இரண்டு வரி:
கம்பெனி கலைந்தது.
பாக்கியுள்ளவர்கள் பெயர் பதியவும்.

மறுபடி படிக்கச் சொன்னார்.
ரங்கூனில் மூன்று கடை மூடியவர்.
"ஏழே வருஷமா?
முதல் யாருது? என்ன வட்டி?"
பிறகு, துட்டி கேட்கும் குரலில்,
"பெரிய கம்பெனிகளோட ஒத்தையா
மல்லுக்கு நின்னிருக்கான்."

மெக்கானிக் இபுராம்சா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.
கிணற்று எஞ்சின் பம்பை அறுத்து,
லாரி டியூபில் வாஷர் வெட்டி
மாட்டிவிட்டிருந்தான்.
இருமிக்கொண்டே திருச்சி போய்த் திரும்பியது.

ராத்திரி பேரேட்டில் எழுதினேன்:
பம்பு வகையில் பற்று ரூபாய் பதினொன்று.
செட்டியார் பேனாவை வாங்கி
அடியில் தன் கையால் சேர்த்தார்:
பெல்மோர் கம்பெனி. வரவேண்டியது ஒன்றுமில்லை.
தரவேண்டியது

அங்கே நிறுத்தினார்.
மை காயும்வரை பார்த்திருந்துவிட்டு
இடம் விட்டு மூடினார்.