இரண்டு விரல் ஆழம்

நவம்பர் பத்தாம் தேதி கல்லைக் கழுவுவது என் வேலை.
வாளி, நார்த் தூரிகை, சோப்பு சேராத வெந்நீர்.
பீய்ச்சுகுழாய் கூடாதென்று உத்தரவு:
வோஜ் மலையின் சிவப்பு மணற்கல்,
அதட்டினாலே உதிரும்.

மேலே ஒரு குதிரை நிற்கிறது.
சேணமில்லை, கடிவாளமில்லை.
படமெடுத்துக்கொண்டே வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்,
இங்கே குதிரைச் சந்தை நடந்ததா என்று.
இல்லை.
தொப்பித் தகராறு நடந்தது.

1921. ஒன்பது கூட்டங்கள்.
குறிப்பேடு மேயர் அலுவலக அலமாரியில் இருக்கிறது,
எலி தின்றது போக.
சிற்பி அல்போன்ஸ் ஃப்ரிட்ஷ் கேட்டது ஒரே கேள்வி:
சிப்பாயின் தலையில் எதை வைக்க?
செத்தவர்கள் இருபத்து மூன்று பேர்.
இருபத்திரண்டு பேர் கெய்சரின் கூர்முனைத் தொப்பியோடு
ருஷ்யப் பனிக்குள் போனவர்கள்.
ஒருவன், த்ஸும்ஷ்டேக் வீட்டு இளையவன்,
இரவோடிரவாக மலை தாண்டி
பிரான்சின் நீலச் சட்டைக்குள் போனவன்.
போர் முடிந்தபோது ஊர் மொத்தமும் மலை தாண்டியிருந்தது,
ஒருவரும் ஓரடி நடக்காமல்.

ஒன்பதாவது கூட்டத்தில் லாடக் கொல்லன் ரீல் எழுந்து
என் குதிரைகளை இரண்டு பட்டாளமும் ஓட்டிப்போயிற்று,
இரண்டுமே ரசீது தரவில்லை என்றான்.
குதிரைக்குத் தொப்பி கிடையாது.
கை தூக்கினார்கள்.

எழுத்துக்கு நாற்பது சாந்தீம் கூலி.
யோஹான்னெஸை ழான் என்று வெட்டியதில்
அவர்கள் எழுத்துக் கணக்கில் நான்கு மிச்சம்.
வில்ஹெல்மை கியோம் ஆக்கியதில் இரண்டு நட்டம்.
மீந்த காசில் ஒரு முற்றுப்புள்ளி வாங்கினார்கள்.
அதை இங்கே வைத்தார்கள்:
எங்கள் இறந்தவர்களுக்கு.
எதற்காக இறந்தார்கள் என்று அடுத்த வரி எழுத
நிதி இல்லையென்று குறிப்பு சொல்கிறது.
நிதி இருந்தது. வரவுப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

நாற்பதாம் வருஷம் வந்தவர்களுக்கு
மிளகுப் புட்டியின் மேல்கூட பிரெஞ்சு ஆகாது.
கல்லை விடுவார்களா?
அதே ஃப்ரிட்ஷ், அதே உளி, கண் மட்டும் மங்கல்.
ஒரு விரல் ஆழம் இழைத்துத் தள்ளிவிட்டு
யோஹான்னெஸ், வில்ஹெல்ம் என்று மறுபடி வெட்டினார்.
கூலி வாங்கவில்லை என்கிறார்கள்.
வாங்கினார் என்றும் சொல்கிறார்கள்.
நாற்பத்தைந்தில் அவர் மகன்
இன்னொரு விரல்.
பெயரைப் பெயர்த்துப் பெயர்த்து
குழிக்குள் இறங்கிவிட்டார்கள் இருபத்து மூன்று பேரும்.
கீழே புதிதாகப் பதினான்கு பேர்,
வீட்டிலிருந்து பிடித்துப் போகப்பட்டவர்கள்.
மறுபடியும் ருஷ்யா.
மறுபடியும் அடுத்தவன் சட்டை.

குறிப்பேட்டின் எண்பதாம் பக்கத்தில்
அடையாளத்துக்கு யாரோ செருகிய ஒரு சீட்டு,
போர்முனையிலிருந்து திரும்பி வந்த பொட்டலத்தினுடையது.
பென்சிலில்: ஷாங்குக்கு. காலுறை, இரண்டு ஜோடி.
வீட்டில் ழானும் இல்லை, யோஹான்னெஸும் இல்லை போலிருக்கிறது.
ஷாங் என்று கல்லில் யாரும் வெட்டவில்லை.
அதனால் அதைத் தொட ஓர் உளியும் வரவில்லை.

நாளை மேயர் ஷ்வோரர் அம்மையார் பெயர்களை வாசிப்பார்.
அவர் நாக்குக்குப் பாரிஸ் இன்னும் பழகவில்லை,
ழகரம் வரும் இடமெல்லாம் சகரமாய் வழுக்கும்.
பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
நான் சிரிப்பதில்லை.

இப்போது மாலை நான்கு. குளிர் இறங்குகிறது.
குழியின் கீழ் விளிம்பில் மழைத் தண்ணீர்
சரியாக இரண்டு விரல் நிற்கிறது.
துடைத்தெடுக்க வேண்டும்,
இரவில் உறைந்தால் கல் பிளக்கும்.
துணியை நனைத்துப் பிழிந்தேன்.
சிவப்பாக வடிந்தது.

மணல்தான்.