சாட்டை

பகாவில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு:
நாயைப் பட்டினி போடுகிறவள்.
ரொட்டிச்சானாய்க் கடை வாசலில்
சாட்டையின் விலா எலும்பை எண்ணாதவர் பாக்கியில்லை.
மூன்று தெரிந்தால்தான் சரியான எடையாம்.
சிரம்பான் வைத்தியர் சொன்னதை
நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஓடப் பிறந்த நாய் என்றுதான் வாங்கினேன்.
மத்தியானம் முழுக்க என் மெத்தையில்
நாலு காலும் மேலே.
சிமெண்டுத் தரை ஆகாது, முழங்கை காய்த்துவிடும்.
மழைக்கு நடுங்கும்.
யோகமணியின் கையுறைத் தொழிற்சாலைச் சட்டையைக்
கை வெட்டித் தைத்து மாட்டியிருக்கிறேன்.
தோலா அது, வெங்காயச் சருகு.
காலடியில் கிடக்கும் பிஸ்கட்டை
மோந்து கண்டுபிடிக்கத் தெரியாது.
ஆனால் மூணாம் நம்பர் காட்டில்
செம்பனை வரிசையின் கடைசியில்
ஏதோ ஒன்று அசைந்தால் போதும்.

நேற்று அசைந்தது.

கயிறு என் உள்ளங்கையைச் சுட்டுவிட்டுப் போனது.
லோரியில் குலை ஏற்றிய பையன்கள்
கம்பியைக் கீழே வைத்தார்கள்.
நாலு காலும் வயிற்றடியில் கூடி,
நாலும் வெடித்துப் பிரிந்து,
தரைக்கும் அதற்கும் பேச்சு முறிந்தது.
நான் கூப்பிடவில்லை.
அந்நேரம் அதற்குக் காது கிடையாது.
உடம்பெல்லாம் கண்.

துரத்தியது
காற்றில் உருண்ட காலி உரப்பை.

தொடையில் கிழிசலோடு திரும்பி வந்து
என் முழங்காலில்
முழுப் பாரத்தையும் சாய்த்தது.
பன்னிரண்டு கிலோ.

ஏழு தையல். இருநூற்று நாற்பது வெள்ளி.
இன்று காலை கடைக்காரர் குனிந்து பார்த்து,
"பாவம், சாப்பிட ஏதும் கொடுத்தியாம்மா?"