மற்றவை

ராஜினாமாப் படிவத்தில் காரணங்களின் பட்டியல் விரிந்தது:
மேற்படிப்பு. திருமணம். உடல்நலம்.
வேறு நிறுவனம். இடமாற்றம்.
கடைசியில், மற்றவை.
அதைத் தொட்டேன்.
"குறிப்பிடவும்" என்றது ஒரு கட்டம்,
ஐம்பது எழுத்துக்குள்.

பாந்த்ரா-குர்லா வளாகம், பதினோராம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் மித்தி,
ஆறென்று யாராவது சொன்னால்தான் ஆறு.
ஒன்பது வருஷம் அங்கே உட்கார்ந்து
யாரோ வாங்கிய கடன்களை மூட்டை கட்டி
யாருக்கோ விற்றேன்.
ஒரு சதவீதத்தைத் தொடாத இடங்களையெல்லாம்
அறிக்கையின் அடிவரியில்
ஒன்றாய்க் கூட்டிப் போடுவோம்.
அந்த வரிக்கும் இதே பெயர்.

மான்குர்த் அந்த வரிக்குள் இருந்தது.
ஒரு புதன்கிழமை, தணிக்கைக்காகப் போனேன்.
ஐந்து பெண்கள், ஒரு குழு.
ஒருத்தி தவணை தவறினால் மற்ற நால்வர் கட்ட வேண்டும்.
"கூட்டுப் பொறுப்பு: இடர் குறைவு"
என்று எழுதியவள் நானேதான்.
அந்த நால்வர் அன்று ஒருத்தியின் வாசலில்
காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்.
திட்டவில்லை. பேசவுமில்லை.
உள்ளே அவள் விற்பதற்காக மிக்ஸியைத் துடைத்துவிட்டு
ஜாடியின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.
மூடி இல்லாவிட்டால் ஐம்பது ரூபாய் குறையுமாம்.
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த நால்வரும்
எழுந்து உள்ளே போய்த் தேடினார்கள்.
அவர்களில் ஒருத்திதான்
கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து
முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசை.
இல்லை.
பதினான்கு மாதம் கழித்து,
போனஸ் கணக்கில் விழுந்த மறுநாள்.

ஐம்பது எழுத்துக்குள்
"மிக்ஸி மூடி" என்று அடித்தேன். அழித்தேன்.
"தனிப்பட்ட காரணம்" என்று போட்டேன்.
தனிப்பட்டதாக அதில் ஒன்றும் இருக்கவில்லை.

மாதுங்காவிலிருந்து அம்மாவின் போன்.
"கட்சியா?" என்றாள்,
கட்டியா என்று கேட்கிற குரலில்.
"வீட்டுக் கடன்?" என்றாள் அடுத்தபடியாக.
அதற்கு என்னிடம் பதில் இருந்தது, இருபது மாதத்துக்கு.

என் முதல் துண்டறிக்கையில் பதினேழு சதவீதங்கள்.
பிளாஸ்டிக் பிரிக்கிற கிடங்கில் நின்றபடி
செல்லக்கனி அதை ஒருமுறை படித்தாள்,
பிறகு ருக்சானாவுக்கு இந்தியில் சொன்னாள்.
சொல்லும்போது சதவீதம் ஒவ்வொன்றாய் உதிர்ந்து
நடுவே எங்கிருந்தோ மிக்ஸி வந்தது.
நான் மிக்ஸியை எழுதியிருக்கவே இல்லை.
அது அவர்கள் சந்தில் எல்லோருக்கும் தெரிந்த மிக்ஸி.
அன்றிரவு முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன்.
காலையில் பார்த்தால் அதுவும் சரியில்லை.

வார்டுத் தேர்தலில் செல்லக்கனி நின்றாள்,
இஸ்திரிப் பெட்டி சின்னம்.
சுவரொட்டிப் பசை காயாமல் மழை பிடித்துக்கொண்டது.
முந்நூற்று எண்பத்தேழு ஓட்டு.
டெபாசிட் போயிற்று.
டீக்கடை டிவியில் கட்சிகளின் பெயர்கள் ஓடி முடிந்ததும்
கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை.
அதன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

"அந்த முந்நூத்தி எண்பத்தேழு பேர் யாரு யாருன்னு எழுது"
என்றாள் செல்லக்கனி.
ரகசிய வாக்கெடுப்பு என்றேன்.
"எங்க சந்துலயா?" என்று சிரித்தாள்.
நோட்டைத் திறந்தேன்.
கை பழக்கத்தில் இரண்டு கோடு கிழித்துவிட்டது,
பற்றுக்கு ஒன்று, வரவுக்கு ஒன்று.
கோட்டைப் பார்க்காமல் பெயர்களை எழுதினேன்.
நள்ளிரவில் நாற்பத்தொன்றைத் தாண்டியிருந்தோம்.
வாசலில் உட்கார்ந்த நால்வரில் மூவர் உண்டு.
மூடியை எடுத்துக் கொடுத்தவள் மட்டும்
தானாகவே வந்து நின்றாள்.
"நான் போடல" என்றாள். "ஐந்நூறு கொடுத்தாங்க."

கிளாஸ் நான்குதான் இருந்தது.
செல்லக்கனி தன்னுடையதைக் கழுவி
அவளுக்கு ஊற்றினாள்.