ஏழாவது வாய்

ரொசாரியோவில் அன்று மழை இல்லை.
பரானா ஆறு மட்டும்
வடக்கே எங்கோ பெய்ததைச் செம்மண்ணாகச் சுமந்து
போய்க்கொண்டிருந்தது.
மூன்றாம் மாடி ஜன்னலில் சோயா ஏற்ற வந்த கப்பல்.
நாற்காலியில், அப்படிப்பட்ட கப்பல்களுக்கு
கடல்வரை வழி சொல்லும் எலிசேயோ பொர்தகராய்.
இடது கீழ்த்தாடை, முதல் கடைவாய்ப்பல்.
மூன்று இரவாகத் தூக்கமில்லை.

பச்சை ரப்பர் திரைக்கு மேலே
அந்த ஒரு பல்தான் தெரிந்தது, தீவு மாதிரி.

நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
என் பிழைப்பே மூலத்தில்தான்.
வாய்க்குள் ஒரு கால்வாய்,
இருபத்தொரு மில்லிமீட்டர் ஆழம்,
கடைசி நான்கில் ஒரு திருப்பம்.

பழைய எஃகு அரம் பிடிவாதம் பிடிக்கும்.
வளைவை நேராக்கப் பார்த்து
கரையை உடைத்துவிடும்.
இந்த நிக்கல் டைட்டானியம் வேறு ஜாதி.
வேர் எப்படித் திரும்புகிறதோ அப்படித் திரும்பும்,
நிமிடத்துக்கு முந்நூறு சுற்று,
வெளியே வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல்
நேராக நிற்கும்.
அழுத்தக் கூடாது. தொட்டு, எடுத்து,
பஞ்சில் துடைத்து,
புரிகளில் ஒட்டிய வெள்ளைத் தூளைப் பார்த்து,
ப்ளீச் ஊற்றி,
மறுபடியும் தொட்டு.

மோட்டார் சத்தம் மாறவே இல்லை.
அதுதான் கொடுமை.
சுழன்று களைத்த உலோகம் முன்கூட்டிச் சொல்லாது.
கை லேசானது. எடுத்துப் பார்த்தேன்.
அரம் குட்டையாக இருந்தது.

நெலிதா என்னைப் பார்த்தாள்.
அவள் அட்டையில் ஒவ்வொரு அரத்துக்கும் கோடு போடுவாள்,
ஒரு வாய்க்கு ஒரு கோடு.
ஆறு கோடு போதும் என்பது எங்கள் கணக்கு.
புதுப் பெட்டிகள் ஐந்து வாரமாகச் சுங்கத்தில்.
இன்று காலை "இன்னும் ஒன்று தாங்கும்" என்றவள் நான்.

எக்ஸ்ரேயில் தெரிந்தது:
வேரின் திருப்பத்தில், எலும்பின் சாம்பல் நடுவே
பளிச்சென்று மூன்று மில்லிமீட்டர்.

ஒடிந்தது அரம் மட்டும்தான் என்று
அவரிடம் சொல்லியிருக்கலாம்.
நடக்கும், எல்லோருக்கும் நடக்கும்,
நூறில் இரண்டு, புத்தகத்திலேயே இருக்கிறது.
கையுறையைக் கழற்றினேன்.
திரையைக் காட்டிச் சொன்னேன்.
ஏழாவது முறை என்பதையும் சொன்னேன்.
அந்த வாக்கியம் முடிய நேரம் பிடித்தது.

வாய் கட்டிக்கிடக்கிறவர் என்ன பதில் சொல்வார்?
விரலால் காற்றில் எழுதினார். பேனா கேட்கிறார்.
நெஞ்சில் விரித்திருந்த காகிதத்திலேயே
தலைகீழாக, பார்க்காமலே,
ஒரு நீளக் கோடு இழுத்தார். ஆறு.
திருப்பத்தில் ஒரு பெருக்கல் குறி.
குறியை ஒட்டி, கரைக்கும் அதற்கும் நடுவில்,
மயிரிழை போல் இன்னொரு கோடு.

மூழ்கிய கப்பலை யாரும்
உடனே தூக்குவதில்லையாம்.
மிதவை போட்டுவிட்டு ஒதுங்கிப் போவார்களாம்.
இதை அவர் பிறகு, பாதி மரத்த உதட்டோடு சொன்னார்.

மோட்டாரை அணைத்தேன்.
எட்டாம் எண் கை அரம், இருப்பதிலேயே மெல்லியது.
நுனியைச் சிறிது வளைத்து
கடிகார முள் போல் கால் சுற்று,
திரும்பக் கால் சுற்று.
முட்டியது. முட்டியது.
நெலிதா விளக்கை நகர்த்தினாள்.
ஜன்னலில் கப்பலும் நகர்ந்திருந்தது,
ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று அதன் பக்கத்தில்.
நாற்பது நிமிடம் கழித்து
ஒரு ஓரத்தில்
ஏதோ இடம் கொடுத்தது.
ஆழமானி கூவியது.

துண்டு உள்ளேதான் இருக்கிறது.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும்,
வலித்தால் எந்த நேரமும் கூப்பிடலாம், காசு வேண்டாம்.
எலிசேயோ தலையாட்டி,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.
ராத்திரி பதினொன்றுக்கு அவருக்கு ஒரு கப்பல்.

காகிதத்தைக் குப்பையில் போடப் போன நெலிதாவை
நிறுத்தினேன்.
பிறகு அட்டையை எடுத்து
ஏழாவது கோட்டை
நானே போட்டேன்.