எடைச்சீட்டு

வெள்ளகோவில், மூலனூர் ரோட்டில்
லாரி எடைமேடை. ராத்திரி முறை எனக்கு.
கம்ப்யூட்டர் புதுசு. பிரிண்டர் மட்டும் பழசு,
அது அழுவது
அரிசி மில் வரைக்கும் கேட்கும்.

முதலில் போட்டுப் பார்த்தது
நாச்சிமுத்து என்று அடித்ததும்
அடியில் சிவப்பாய் நெளிகோடு இழுத்தது.
பதினெட்டு வருசமாய்ப் பருப்பு ஏற்றுகிற மனுசன்
பிழையாம்.

அடுத்தது கோடு இழுக்கவில்லை.
சீட்டின் தலையில் கோப்பின் பெயரும்
காலில் 'பக்கம் 1' என்றும் போட்டது.
அரைச்சாண் காகிதத்துக்கு எதற்குப் பக்கம்?

மூன்றாவது வெறும் கறுப்புத் திரை.
உள்ளே போய்விட்டேன், வெளியே வர வழி தெரியவில்லை.
"ஏனுங்க்கா, தேங்காய் மொளைச்சுருமாட்ட இருக்குதே"
ஆரனை அமுக்கியபடி கிளீனர் பையன்.
பிளக்கைப் பிடுங்கித்தான் வந்தேன்.

நான்காவது ஒன்றும் செய்வதில்லை.
அடித்ததை வைத்திருக்கும், கேட்டால் கொடுக்கும்.
இதுவே போதும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

ஒரு குறை.
நம் எழுத்து ஒன்று ஒல்லி, ஒன்று தடி.
பெயருக்குப் பின்னால் வந்த எடை
வரிக்கு வரி தள்ளித் தள்ளி நின்றது,
சந்தையில் கட்டாத மாடு மாதிரி.

எண்ணை முன்னால் போட்டேன்.
பெயரைக் கடைசிக்கு விட்டேன்.
ஊர், தோட்டம், அப்பன் பெயர் எல்லாம் சேர்த்து
நாச்சிமுத்து எவ்வளவு நீண்டாலும்
வலப்பக்கம் காலிதானே.

மூன்று மணிக்கு லாரி இல்லை.
செருப்போடு மேடையில் ஏறி நின்றுவிட்டு வந்து பார்த்தேன்.
இருபது இருபதாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

00060 சின்னமணி

அடித்துக் கிழித்து
டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன்.